எஃப்எஸ்எஸ்ஏஐ லைசன்ஸ் இருக்கே, அப்புறம் சூப்பர் மார்க்கெட் ஏன் ஐஎஸ்ஓ கேக்குது? கடலைமிட்டாய் யூனிட் நடத்துற சகோதரிக்கு பதில்

தூத்துக்குடி மாவட்டத்துல இருந்து ஒரு சகோதரி நீளமா எழுதியிருக்காங்க, பேர் ஊர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். மாமனார் வீட்டுப் பின்கட்டுல ஆரம்பிச்ச கடலைமிட்டாய் தொழிலை இவங்க எடுத்து நடத்தி, இப்ப தனியா ஷெட் போட்டு பதினாலு பேர் வேலை பாக்குறாங்க, மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட மாநில லைசன்ஸ் இவங்க பேர்லயே இருக்கு. சென்னையில ஒரு சூப்பர் மார்க்கெட் செயின் மாசாமாசம் சரக்கு எடுக்க ரெடியா இருக்காங்க, ஆனா ஐஎஸ்ஓ 22000ங்குற, உணவு பாதுகாப்பு முறைக்கான சர்டிஃபிகேட் வேணுமாம், அதுபோக அவங்க ஆளு வந்து தனியா ஆடிட் பண்ணுவாராம், சரக்குல என்ன பிரச்சனை வந்தாலும் முழுப் பொறுப்பும் சப்ளையருக்குத்தான்னு அக்ரிமென்ட்ல இருக்காம், பணம் 90 நாள் கழிச்சுதானாம். இன்னொரு பக்கம் ஒரு எக்ஸ்போர்ட்டர், லண்டன் ஹோல்சேல்காரர் பிஆர்சிங்குற பிரிட்டன் தனியார் தரச் சர்டிஃபிகேட் கேக்குறார்னு சொல்றார். நடுவுல ஒரு கன்சல்டன்ட் வந்து 35,000 ரூபாய் குடுங்க, பத்து நாள்ல ஐஎஸ்ஓ கைக்கு வந்துரும், யாரும் யூனிட்டுக்கு வரவே தேவையில்லன்னு சொல்லியிருக்கார். இதெல்லாம் பத்தாதுன்னு உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போய் மூணு வாரம் ஆகுது, ஒரு தகவலும் இல்ல.

அவங்க கேக்குறது இதுதான்: "கவர்மென்ட்டே எங்க சரக்கு நல்லா இருக்குன்னு லைசன்ஸ் குடுத்ததுக்கு அப்புறம் ஒரு கடைக்காரங்க எங்களுக்கு மறுபடியும் பரிட்சை வைக்கலாமா, இது சட்டப்படி சரியா? அந்த ஐஎஸ்ஓ வாங்கிட்டா இனிமே ஆபீசர் வரமாட்டாங்கன்னு கன்சல்டன்ட் சொல்றார், நிஜமா?"

சகோதரி, உங்க லெட்டர்ல கோபமும் பயமும் சேர்ந்து இருக்கு, ரெண்டுமே நியாயம்தான். பதினாலு குடும்பத்துக்கு சம்பளம் குடுக்குற ஒருத்தருக்கு இப்படி நாலு பக்கமும் ஒரே நேரத்துல பேப்பர் கேட்டா தலை சுத்தத்தான் செய்யும். ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி உங்க மனசுல இருக்குற ரெண்டு மூணு நம்பிக்கைய கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கு.

லைசன்ஸ் சொல்றது என்ன, சொல்லாதது என்ன

உங்க கடலைமிட்டாய் நல்லா இருக்குன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ எங்கயும் சொல்லல. 2006-ல வந்த உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தோட 31-வது பிரிவுப்படி, உணவுத் தொழில் செய்ய உங்களுக்கு அனுமதி குடுத்திருக்காங்க, அவ்வளவுதான். டிரைவிங் லைசன்ஸ் இருக்குறவர் நாளைக்கு எப்படி வண்டி ஓட்டுவார்னு ஆர்டிஓ உத்தரவாதம் குடுக்குறதில்ல இல்லையா, அதே கதைதான். அந்த அனுமதியோட சில கடமைகளும் சேர்ந்தே வருது: லைசன்ஸ் விதிகளோட 4-வது அட்டவணையில இருக்குற சுத்தம் சுகாதாரம் எல்லாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது லேப் டெஸ்ட், வருஷா வருஷம் மே 31-க்குள்ள ரிட்டர்ன், 25 பேருக்கு ஒருத்தர்ங்குற கணக்குல ஃபோஸ்டாக்ங்குற எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு பாதுகாப்பு டிரெய்னிங் எடுத்த ஒரு சூப்பர்வைசர், இப்படி. நீங்க லெட்டர்ல லேப் டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல, எனக்கு அதுதான் முதல்ல உறுத்துச்சு. ஐஎஸ்ஓ பத்தி யோசிக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் நேரா இருக்கான்னு பாருங்க, ஏன்னா சட்டம் கேக்குறது விருப்பம் இல்ல, கட்டாயம்.

இப்ப கடைக்காரங்க கேக்கலாமாங்குற கேள்வி. கேக்கலாம், அது சட்டவிரோதம் இல்ல. யாருகிட்ட சரக்கு வாங்கணும், என்ன நிபந்தனையில வாங்கணும்ங்குறது அவங்க உரிமை. வேண்டாம்னு சொல்றது உங்க உரிமை. உங்களுக்கு வந்த இதே கோபம் ஒரு நாட்டுக்கே வந்திருக்கு தெரியுமா, கரீபியன் கடல்ல இருக்குற செயின்ட் வின்சென்ட்ங்குற குட்டி நாடு 2005-ல உலக வர்த்தக அமைப்புக்குப் போய், எங்க வாழைப்பழத்துக்கு பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுங்க யூரெப்கேப்னு ஒரு தனியார் தரம் கேக்குறாங்க, அரசாங்க விதிய விட கடுமையா இருக்கு, சின்ன விவசாயி எங்க போவான்னு கேட்டுச்சு. அந்த விவாதம் வருஷக்கணக்கா ஓடுச்சே தவிர, தனியார் தரத்தைக் கட்டுப்படுத்துற விதி எதுவும் அதுல இருந்து வரல. நியாயம் இருக்குற கோபம்தான், ஆனா அந்த நியாயத்தை வச்சு ஆர்டர் வாங்க முடியாதுங்குறதுதான் நிலைமை.

அவங்க ஏன் கேக்குறாங்கன்னு தெரிஞ்சா கோபம் கொஞ்சம் குறையும். லண்டன்காரர் கேக்குற பிஆர்சி எங்க இருந்து வந்துச்சுன்னா, பிரிட்டன்ல 1990-ல ஒரு உணவு பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க, அதுல கடைக்காரர் மேல கேஸ் வந்தா, "நான் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாத்தையும் எடுத்தேன்"னு நிரூபிச்சா தப்பிக்கலாம்னு ஒரு வழி வச்சாங்க. அதை நிரூபிக்கணும்னா சரக்கு எங்க இருந்து வருது, அங்க எப்படி செய்யுறாங்கன்னு அவங்க கையில பேப்பர் இருக்கணும், ஒவ்வொரு கடையும் தனித்தனியா ஆடிட் அனுப்பி அலுத்துப் போய்த்தான் 1998-ல எல்லாரும் சேர்ந்து ஒரே தரமா பிஆர்சிய கொண்டு வந்தாங்க. ஆக அந்த தனியார் தரம் அரசாங்க சட்டத்தோட வயித்துல பொறந்ததுதான், அரசாங்கத்துக்கு எதிரா வந்தது இல்ல.

நம்ம சட்டத்துலயும் அதே வழி இருக்கு. 80-வது பிரிவு. எடுக்க வேண்டிய நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், கவனமா இருந்தேன்னு காட்ட முடிஞ்சா அது ஒரு எதிர்வாதம். இத கடைக்காரங்க பயன்படுத்துவாங்க, சரி, ஆனா நீங்களும் பயன்படுத்தலாம்ங்குறது நிறைய சின்ன யூனிட்காரங்களுக்குத் தெரியறதில்ல. ஒழுங்கா நடக்குற ஒரு ஐஎஸ்ஓ சிஸ்டத்துல தினமும் எழுதுற ரெஜிஸ்டர் இருக்கே, அதுதான் நாளைக்கு உங்க பக்கம் பேசுற சாட்சி. சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டுற சர்டிஃபிகேட் பேசாது.

அந்தப் பத்து நாள் சர்டிஃபிகேட் வேண்டவே வேண்டாம்

இதுல நான் ரெண்டு மனசா பேசப் போறதில்ல. யூனிட்டுக்கு வராம குடுக்குற ஐஎஸ்ஓ வெறும் தாள். ஐஎஸ்ஓங்குற அமைப்பு யாருக்கும் சர்டிஃபிகேட் குடுக்குறதே இல்ல, தரத்தை எழுதி வைக்கிறதோட அவங்க வேலை முடிஞ்சுது. குடுக்குறது வேற வேற சர்டிஃபிகேஷன் கம்பெனிகள், அந்தக் கம்பெனிக்கு, சர்டிஃபிகேஷன் கம்பெனிகளையே சோதிக்கிற என்ஏபிசிபி மாதிரி ஒரு அமைப்பு இந்தியாவுல அங்கீகாரம் குடுத்திருக்கணும். அங்கீகாரம் இருக்குற கம்பெனி ரெண்டு கட்டமா ஆடிட் பண்ணும், ஷெட்ல நின்னு பாக்கும், அடுத்த வருஷமும் வரும். அந்த கன்சல்டன்ட்கிட்ட சர்டிஃபிகேஷன் கம்பெனி பேரையும் அவங்களுக்கு அங்கீகாரம் குடுத்தது யாருன்னும் எழுத்துல கேளுங்க, பதில் வராது.

பேப்பர் மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்குறதுக்கு உங்க தொழில்லயே, கடலையிலயே, ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஃபேக்டரி வச்சிருந்த பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கானு ஒரு கம்பெனி, கடலை பேஸ்ட் செஞ்சு பெரிய பெரிய பிஸ்கட் கம்பெனிக்கெல்லாம் சப்ளை. 2008-ல தனியார் ஆடிட்டர் வந்து "சுப்பீரியர்"னு மார்க் போட்டுட்டுப் போனார், அந்த ஆடிட்டுக்கு ஃபீஸ் கட்டினது அதே கம்பெனிதான். அந்த வருஷக் கடைசியில ஆரம்பிச்ச சால்மொனெல்லா தொற்றுல 714 பேருக்கு நோய் வந்ததா கணக்கு வந்துச்சு, 9 பேர் செத்துட்டாங்க. கெல்லாக்ஸ் அந்த ஆடிட் பேப்பரை நம்பி சரக்கு வாங்கியிருந்தாங்க. நெஸ்லே சொந்த ஆளுங்கள அனுப்பிப் பாத்துட்டு, வேண்டாம்னு முன்னாடியே விட்டுட்டாங்க. கம்பெனி திவாலாச்சு, லேப்ல கிருமி இருக்குன்னு தெரிஞ்சும் சரக்கை அனுப்புனதுக்காக அதோட தலைவருக்கு 2015-ல 28 வருஷம் ஜெயில். அந்தத் தொற்றுக்கு அப்புறம், தண்டனை வர்றதுக்கு முன்னாடியே 2011-ல அங்க சட்டத்தையே மாத்தி, வெளிநாட்டு சரக்கு கொண்டு வர்ற இறக்குமதியாளர் தன்னோட சப்ளையரை தானே சரிபாக்கணும்னு கட்டாயமாக்கினாங்க. உங்ககிட்ட எக்ஸ்போர்ட்டருங்க இவ்வளவு பேப்பர் கேக்குறதுக்கு இது மாதிரி சாவுகளும் ஒரு காரணம்.

போலி சர்டிஃபிகேட் வச்சு சூப்பர் மார்க்கெட்டுக்கு சரக்கு குடுத்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது வெறும் சரக்குக் கோளாறா நிக்காது, ஏமாத்துனீங்கன்னு வந்து நிக்கும், 80-வது பிரிவுல "கவனமா இருந்தேன்"னு வாயே திறக்க முடியாது.

ஆபீசர் வரமாட்டார்ங்குறதும் தப்பு. உங்க யூனிட்டுக்குள்ள வரவும், பாக்கவும், சாம்பிள் எடுக்கவும் அவருக்கு சட்டம் அதிகாரம் குடுத்திருக்கு, அத எந்த தனியார் சர்டிஃபிகேட்டும் பறிக்க முடியாது. இதுல பாதி உண்மை ஒண்ணு இருக்கு, அதத்தான் அந்த கன்சல்டன்ட் பிடிச்சுக்கிட்டார்னு நினைக்கிறேன்: 2018-ல வந்த ஆடிட் விதிகள்படி எஃப்எஸ்எஸ்ஏஐயே சில ஆடிட் ஏஜென்சிகளை அங்கீகரிச்சிருக்கு, அவங்க செஞ்ச ஆடிட் திருப்தியா இருந்தா அரசு சோதனை குறைவா வரலாம். அது வேற ஆடிட், ஐஎஸ்ஓ ஆடிட் வேற. அதுலயும் கூட குறையலாமே தவிர நிக்காது.

இந்தியாவுல பாஸ், லண்டன்ல ஃபெயில்

எக்ஸ்போர்ட் பத்தி நீங்க "இங்க ஓகேன்னா அங்கயும் ஓகேதானே"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லம்மா. கடலைக்குப் பெரிய எதிரி அஃப்ளடாக்ஸின், பூஞ்சை விடுற விஷம், கல்லீரலைப் பாதிக்குற சரக்கு. நம்ம நாட்டுல அப்படியே சாப்பிடுற கடலைக்கு மொத்த அஃப்ளடாக்ஸின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், இன்னும் பக்குவம் பண்ண வேண்டிய கடலைக்கு 15. ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் அப்படியே சாப்பிடுற கடலைக்கும் அதுல செஞ்ச பண்டத்துக்கும் 4தான், அதுலயும் பி1 வகை மட்டும் 2-ஐ தாண்டக் கூடாது. இங்க 7 இருந்தா சட்டப்படி நல்ல சரக்கு, அங்க துறைமுகத்துல நிப்பாட்டிருவாங்க. எந்த ஐஎஸ்ஓவும் பிஆர்சியும் இதுல உங்கள காப்பாத்தாது, ஏன்னா அது அந்த நாட்டு அரசாங்க விதி.

வறுத்தா போயிரும்னு நிறைய பேர் நம்புறாங்க, கொஞ்சம் குறையும், முழுசா போகாது. பிரச்சனை என்னன்னா ஒரு மூட்டையில பெரும்பாலான பருப்பு சுத்தமா இருக்கும், ஏதோ சில பருப்புல மட்டும் விஷம் குவிஞ்சு கிடக்கும், அதனாலதான் ஐரோப்பாவுல பெரிய லாட்டுக்கு நூறு இடத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து 20 கிலோ வரைக்கும் சேத்து டெஸ்ட் பண்றாங்க, நீங்க மேல இருந்து அரை கிலோ அள்ளிக் குடுத்து பாஸான ரிப்போர்ட் அங்க நிக்காது.

ஆகவே உங்க யூனிட்ல உண்மையான பாதுகாப்பு எங்க இருக்குன்னா, கடலை பொறுக்குற மேசையிலதான். சுருங்குனது, நிறம் மாறுனது, முளை உடைஞ்சது, பூஞ்சை பிடிச்சதை எடுத்துப் போடுற அந்த ரெண்டு மூணு அம்மாக்கள்தான் உங்க குவாலிட்டி டிபார்ட்மென்ட். மேசைக்கு மேல நல்ல வெளிச்சம் போடுங்க, கடலைய ஒத்தை அடுக்கா பரப்புங்க, கண்ணு அசந்து போகும், அதனால ஒருத்தரையே நாள் முழுக்க உக்கார வைக்காம மாத்தி விடுங்க. பொறுக்கிப் போட்ட சொத்தைக் கடலைய எடை போட்டு தேதியோட, எந்த லோடுன்னு எழுதுங்க, ஒரு லோடுல சொத்தை திடீர்னு கூடுச்சுன்னா அந்த மண்டிக்காரர்கிட்ட பேச உங்க கையில கணக்கு இருக்கும். அந்த சொத்தைய தயவு செஞ்சு மாட்டுத் தீவனத்துக்கோ செக்குக்கோ குடுத்துராதீங்க, மாடு தின்னா விஷம் பாலுக்கு வரும், அந்தப் பாலை குடிக்கிறது குழந்தைங்க. புதுப் பருப்பு வாங்கும்போது ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு மேல இருந்தா ஸ்டாக் வைக்காதீங்க, மூட்டைய தரையில போடாம பலகை மேல, சுவத்துல இருந்து தள்ளி அடுக்குங்க.

ஆடிட்டர் வந்தா முதல்ல பாக்குறது ரெஜிஸ்டரைத்தான். ஒரு மாசத்துப் பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் பாகு சூடு ஒரே நம்பர், ஒரு நாள் கூட அடிச்சுத் திருத்தல்னு இருந்தா, முந்தின நாள் ராத்திரி உக்காந்து எழுதுனதுன்னு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிரும். வெல்லப்பாகு கைரேகை பட்டு, ஒரு நாள் சூடு ஏறிப்போய் அந்தத் தட்டை ஒதுக்குனேன்னு கோணல்மாணலா எழுதியிருக்குற ரெஜிஸ்டருக்குத்தான் மதிப்பு.

எந்த சர்டிஃபிகேட், எப்ப

சூப்பர் மார்க்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 22000 போதும்னா அதுலயே போங்க, ஆனா லண்டன் பக்கம் போற எண்ணம் உறுதியா இருந்தா முதல்லயே யோசிங்க: ஐஎஸ்ஓ 22000 மட்டும் இருந்தா உலக அளவுல பெரிய கடைங்க ஏத்துக்கிற ஜிஎஃப்எஸ்ஐ பட்டியல்ல வராது, எஃப்எஸ்எஸ்சி 22000 வரும், பிஆர்சி வரும். எஃப்எஸ்எஸ்சிங்குறது ஐஎஸ்ஓ 22000 மேலயே இன்னும் கொஞ்சம் சேத்துக் கட்டுனது, அதனால ஐஎஸ்ஓவை ஒழுங்கா பண்ணிட்டீங்கன்னா அந்த உழைப்பு வீணாகாது, அடுத்த படிதான். லண்டன்காரர் எஃப்எஸ்எஸ்சிய ஏத்துப்பாரான்னு எக்ஸ்போர்ட்டர் மூலமா எழுத்துல கேட்டு வாங்குங்க, ஏத்துக்கிட்டா ரெண்டு செலவு ஒண்ணாயிரும். பதினாலு பேர் யூனிட்டுக்கு முதல் வருஷமே பிஆர்சி வேண்டாம்னுதான் என் அபிப்பிராயம், ஷெட் தரை, சுவர், ஆளுங்க வர்ற வழி, சரக்கு போற வழி எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாங்க, ஒரு எக்ஸ்போர்ட்டரோட வாய்வார்த்தைய நம்பி அவ்வளவு கடன் வாங்காதீங்க. தமிழ்நாடு எம்எஸ்எம்இ துறையில க்யூ-செர்ட்னு ஒரு திட்டத்துல சர்டிஃபிகேட் செலவைத் திருப்பிக் குடுக்குறாங்க, மாவட்டத் தொழில் மையத்துல போய் செலவு பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க. வாங்குனதுக்கு அப்புறம் அந்த முத்திரைய மிட்டாய் பாக்கெட்ல அடிச்சிராதீங்க, அது உங்க யூனிட் நடக்குற முறைக்கு குடுத்தது, மிட்டாய்க்கு குடுத்தது இல்ல. பாக்கெட்ல இருக்க வேண்டியது எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோ, 14 இலக்க நம்பர், பேட்ச் நம்பர், அப்புறம் கடலை இருக்குங்குற அலர்ஜி அறிவிப்பு, கடலைமிட்டாய்னு பேர் இருக்கேன்னு அத விட்டுராதீங்க.

அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

"முழுப் பொறுப்பும் சப்ளையருக்கே"ங்குற வரி பயமுறுத்துற அளவுக்கு சக்தி உள்ளது இல்ல, அதுக்காக சும்மா விடவும் கூடாது. சட்டத்தோட 27-வது பிரிவு தயாரிக்கிறவர், விநியோகம் பண்றவர், விக்கிறவர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பொறுப்பு வச்சிருக்கு. காலாவதியான சரக்கை வித்தா, சுகாதாரமில்லாத இடத்துல வச்சா, கடைக்காரரும் மாட்டுவார், எந்த அக்ரிமென்ட்டும் அவர அதுல இருந்து விடுவிக்காது. அந்த வரி செய்யுறது என்னன்னா பண நஷ்டத்தை உங்க தலையில தள்ளுறது. அதனால அத மாத்திக் கேளுங்க: எங்க யூனிட்ல நடந்த தப்புன்னு அங்கீகாரம் பெற்ற லேப் ரிப்போர்ட்ல உறுதியானா மட்டும் நாங்க பொறுப்பு, டெலிவரி எடுத்ததுக்கு அப்புறம் அவங்க குடோன்ல ஆன சேதத்துக்கு நாங்க இல்ல, சரக்கைத் திரும்ப எடுக்கணும்னா பேட்ச் நம்பரோட எழுத்துல சொல்லணும். பெரிய செயின்காரங்க மாத்த மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, கேட்டா கொஞ்சமாவது மாத்துவாங்க, கேக்காதவங்களுக்குத்தான் மாத்துறதில்ல.

90 நாள் விஷயம் அதை விட முக்கியம். உத்யம்ங்குற சிறுதொழில் பதிவு இருக்குற சின்ன யூனிட்டுக்கு 45 நாளைக்கு மேல பணம் தராம வைக்க, சிறு குறு தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டம் அனுமதிக்கல, அக்ரிமென்ட்ல எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அதே 45தான், தாண்டினா கூட்டு வட்டி உண்டு. உத்யம் எடுத்திருக்கீங்களான்னு நீங்க எழுதல, இல்லன்னா இந்த வாரமே எடுங்க, ஆன்லைன்ல இலவசம்.

எடுத்துட்டுப் போன சாம்பிள்

இதுக்குத்தான் நீங்க தூங்காம இருக்கீங்கன்னு லெட்டர் படிக்கும்போதே தெரிஞ்சுது. சாம்பிள் எடுக்குறதுன்னா குத்தம் சொல்லிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, அது அவங்க வழக்கமான வேலை. உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாள்ல ரிப்போர்ட் குடுக்கணும், ஆனா அது உங்களுக்கு நேரா வராது, மாவட்ட நியமன அலுவலருக்குப் போகும், நீங்க அவர் ஆபீஸ்ல போய் மரியாதையா விசாரிக்கலாம், அதுல தப்பே இல்ல. சாம்பிளை நாலு பாகமா பிரிச்சு சீல் வைக்கணும்னு சட்டம் இருக்கு, ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேற லேபுக்கு அனுப்புங்கன்னு கேக்குற உரிமையும் உங்களுக்கு இருக்கு, எடுத்த சரக்குக்கு விலையும் தரணும். இந்தத் தடவை நீங்க கேக்கல, பரவாயில்ல, அடுத்த தடவை சாம்பிள் எடுக்கும்போதே எழுத்துல கேளுங்க.

ரிப்போர்ட் பாதகமா வந்தாலும் அதுல மூணு வகை இருக்கு. லேபிள்ல குறைன்னா ஒண்ணு, தரம் குறைவுன்னா ஒண்ணு, இந்த ரெண்டும் அபராதத்தோட போகும். பாதுகாப்பற்றதுன்னு வந்தா மட்டும்தான் கிரிமினல் கேஸ், அப்படி வந்தா உடனே ஒரு வக்கீலைப் பாருங்க, அந்த பேட்ச் சரக்கு கடையில இருந்தா அதே நாள் திரும்ப எடுங்க, அது சட்டக் கடமையும் கூட. எந்த வகையா இருந்தாலும் ரிப்போர்ட்டை எதிர்த்து நியமன அலுவலர்கிட்ட அப்பீல் போகலாம், மறுபரிசோதனை பண்ற ரெஃபரல் லேபுக்கு அனுப்பச் சொல்லலாம், அதுக்கு ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் டைம். அதனால தபால்ல வந்தா கவரை எறியாம, வாங்கின தேதிய மேல எழுதி ஃபைல்ல வைங்க, ஷெட்ல வேற யாராவது கையெழுத்து போட்டு வாங்கினாலும் அன்னைக்கே உங்ககிட்ட குடுக்கணும்னு எல்லாருகிட்டயும் சொல்லி வைங்க.